மணம் கேட்கும் பாட்சா

"மூக்கைக் குடுங்க" என்கிறார் சிக்கந்தர் பாட்சா. தக்கையைத் திருகி எடுத்து, பழுப்பு நிறப் புட்டியின் வாயை வந்தவரின் மூக்குக்குக் கீழே விரல்கடை தள்ளிப் பிடிக்கிறார். அதற்குப் பிறகு புட்டியை அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. பார்ப்பதெல்லாம் வந்தவரின் முகத்தைத்தான். முதலில் புருவம் மேலே ஏற வேண்டும். அடுத்து, யாரும் சொல்லாமலே கண் மூட வேண்டும். கடைசியில் தோள் இரண்டும் சற்றே தளர்ந்து, மூச்சு அடிவயிறு வரைக்கும் போய்வர வேண்டும். எல்லாம் வரிசை தப்பாமல் நடந்தால் பாட்சா தலையசைத்து, "என்னா வாசனை வருது? சொல்லுங்க" என்று கேட்கிறார். பதில் சொல்லாதவருக்குப் புட்டி கைக்கு வராது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் முதன்முதலாக அவரிடம் மாட்டிக்கொள்கிறவர்கள் திருதிருவென்று விழிக்கிறார்கள். தைலம் விற்கிறவரே தைலத்தின் வாசனையைக் கேட்டால் வேறென்ன செய்வது? வண்டி புறப்படப் போகிறது, கண்டக்டர் விசில் ஊதுகிறார், இவரோ பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மாதிரி பதிலுக்குக் காத்து நிற்கிறார். கோபித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிறார். ஊர்க்காரர்களுக்குக் காரணம் தெரியும். அவர்கள் பொறுமையாக மோந்து, தோன்றியதைச் சொல்லி, வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

ஐம்பதைத் தாண்டிய ஒடிசலான உடம்பு. கட்டம் போட்ட கைலி, முழங்கை வரை சுருட்டிவிட்ட வெள்ளை ஜிப்பா, துவைத்துத் துவைத்துப் பழுத்துப்போன வலைத்தொப்பி. கடை என்பது ஒரு பச்சைத் தகரப் பெட்டி. உள்ளே பழைய மெத்தைத் துணியில் குழி குழியாகத் தைத்து, குழிக்கொன்றாகப் புட்டிகளை உட்கார வைத்திருக்கிறார். நிழல் நகர நகரப் பெட்டியும் நகரும். வெயிலும் வெளிச்சமும் தைலத்துக்குச் சத்துரு, பட்டால் வீரியம் போய்விடும் என்பார். காலையில் டிக்கெட் அறைச் சுவரோரம், உச்சியில் கொட்டகைக்கு உள்ளே, சாயங்காலம் சோடாக் கடைப் பக்கம். பாட்சா எங்கே இருக்கிறார் என்று பார்த்து மணி சொல்லிவிடும் ஆட்கள் ஸ்டாண்டில் இருக்கிறார்கள்.

விற்பது ஒரே ஒரு இலையின் தைலம். அந்த இலை இந்த மண்ணில் முளைப்பதில்லை. திண்டிவனத்தில் கோதண்டபாணியின் நாட்டு மருந்துக் கடைக்கு அதிமதுர மூட்டைகள் வருகின்றன. கப்பலேறி, துருக்கிச் சீமைப் பக்கமிருந்து வருகிற சரக்கு. வழியில் வேர் உரசி ஒடியாமலும் பூச்சி பிடிக்காமலும் இருக்க, மூட்டைக்குள் இடையிடையே காய்ந்த இலையைத் திணித்து அனுப்புவார்கள். கோதண்டபாணி வேரை எடுத்துக்கொண்டு இலையைக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் அந்தப் பக்கமாகப் போன பாட்சா, குப்பையிலிருந்து ஓர் இலையை எடுத்து விரலால் நொறுக்கி மூக்கில் வைத்தவர், நடுத்தெருவில் நின்றுவிட்டாராம். பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரன் கத்திய கத்தல் அவர் காதில் ஏறவேயில்லை.

பாட்சா அதை லொரியே என்பார், அது பிரெஞ்சுப் பெயர். இங்கிலீஷில் லாரல். நம் பிரிஞ்சி இலைக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். பிரிஞ்சியில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், இதில் நடுவே ஒன்று ஓடிப் பக்கவாட்டில் கிளை பிரியும். பழைய ரோமாபுரியில் போரில் வென்று திரும்பியவன் தலையில் இந்த இலையைத்தான் முடியாகச் சூட்டினார்களாம். அங்கே தலையில் ஏறியது இங்கே அதிமதுரத்துக்கு மெத்தையாக வந்து குப்பையில் கிடந்தது. அதை அடையாளம் கண்டுகொள்ள இந்த மாவட்டத்திலேயே ஒரு மூக்குத்தான் இருந்திருக்கிறது என்று நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

அந்த மூக்கு சைகோனில் பழகிய மூக்கு. கோட்டக்குப்பத்திலிருந்து வாலிபத்தில் கப்பலேறிப் போன பாட்சா, அங்கே ஒரு பிரெஞ்சு மருந்துக்காரரின் பின்கட்டில் தைலம் இறக்கும் வேலை பார்த்தார். சண்டை முற்றி எல்லோரும் ஊர் திரும்பியபோது மற்றவர்கள் பட்டும் கைக்கடிகாரமும் கொண்டுவந்தார்கள். இவர் தைலம் வடிக்கும் செப்பு வாலை ஒன்றைச் சுமந்துகொண்டு வந்து இறங்கினார். சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்தக் குப்பையைக் கண்ட பிறகு கோட்டக்குப்பத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனைவி ஹலீமா பீவியையும் வாலையையும் கூட்டிக்கொண்டு திண்டிவனத்துக்கே குடிவந்துவிட்டார்.

வாலை கொல்லையில் இருக்கிறது. அடியில் தண்ணீர், மேலே சல்லடைத் தட்டு, தட்டில் நொறுக்கிய இலை. சவுக்கு விறகைச் சன்னமாக எரிப்பார்கள். ஆவி இலைக்குள் புகுந்து எழும்பி, சுருள் குழாய் வழியே பச்சைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக விழும். மூட்டை இலை அத்தனையும் வெந்து அடங்கினாலும் கிடைப்பது தண்ணீரின் மேல் மிதக்கும் மெல்லிய ஏடுதான். இளமஞ்சளில் துளிப் பச்சை கலந்த அந்த ஏடு புட்டியின் கழுத்துக்கு ஏறி நிற்கும்போது, எத்தனை முறை பார்த்திருந்தாலும் பாட்சா குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். "மரத்த நான் கண்ணால பாத்தது கெடையாது. அதோட மூச்சு மட்டும் கடல் தாண்டி என் கொல்லையில வந்து எறங்குது பாருங்க" என்பார். அடியில் தங்குகிற வாசனைத் தண்ணீரில் ஹலீமா பீவி வீடு துடைப்பாள். அந்த வீட்டில் எறும்பைப் பார்ப்பது அபூர்வம்.

மதுவிலக்கு நடக்கிற சீமையில் கொல்லையில் வாலை வைத்திருப்பது லேசான காரியமா? குடிவந்த புதிதில் ஒரு ஏட்டு, கடும் சளியோடு, கையும் களவுமாகப் பிடிக்க வந்தார். பாட்சா குழாய் வாயைக் காட்டினார். சாராய நெடியை எதிர்பார்த்து ஏட்டு மூக்கை வைத்து உறிஞ்சியிருக்கிறார். ஒரு வாரமாக அடைத்துக் கிடந்த மூக்கு அந்த இடத்திலேயே திறந்துகொண்டது. துவைகல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். அதற்கப்புறம் பனிக்காலம் வந்தால் தவறாமல் வந்து சோதனை போடுவார்.

நெஞ்சுச் சளிக்கு, சுளுக்குக்கு, குளிர் காற்றில் பிடித்துக்கொண்ட மூட்டுக்கு, பொடுகுக்கு என்று தைலத்துக்கு ஆட்கள் உண்டு. விழுப்புரம் ஜங்ஷனில் எஞ்சினுக்குக் கரி தள்ளித் தள்ளித் தோள் கழன்றவர்கள் இவரைத் தேடி பஸ் ஏறி வருவார்கள். திண்டிவனம் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவர்களைக் கேட்கவே வேண்டாம். வடிக்காத இலையில் நாலைந்தைத் துவரம்பருப்பு டின்னில் போட்டு வைத்தால் வண்டு எட்டிப் பார்க்காது. ஆனால் குடிக்கக் கேட்டால் கொடுக்க மாட்டார். வயிற்றில் பிள்ளை இருக்கிற பெண்ணுக்குப் பெட்டியையே திறக்க மாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, மொட்டையாகத் தோலில் தடவக் கூடாது என்பது அவருடைய வேதம். வாலையில் இறங்கிய தைலத்துக்குத் தாய் என்று பெயர் வைத்திருக்கிறார். அதில் சில சொட்டை நல்லெண்ணெயில் கலந்தால் அது பிள்ளை. தாயைக் கேட்டு வாங்குகிற பெரியவர்கள் உள்ளங்கை எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்குப் பிள்ளை மட்டும்தான், அதுவும் உள்ளங்காலில் மட்டும், மூக்குப் பக்கம் கூடவே கூடாது. சைகோனில் யாரோ ஒரு மகராசி கைக்குழந்தையின் மூக்கடியில் மொட்டைத் தைலத்தைத் தடவப்போய், அதன் மூச்சு விட்டு விட்டு வந்ததை அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

இத்தனை கண்டிப்பு உள்ளவர், தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே பழுப்புப் புட்டிதான் வைத்திருந்தார். சீட்டு ஒட்டுவதில்லை, அடையாளம் எதுவும் கிடையாது. கேட்டால் மூக்கைத் தொட்டுக் காட்டுவார். ஒவ்வொரு புட்டியையும் கொடுக்கும் முன் தக்கையை எடுத்து, கண்ணை மூடி, ஒரே ஒரு முறை மோந்துவிட்டுக் கையில் வைப்பார். அந்த மோப்பத்தைப் பார்க்கவே கூட்டம் கூடும். சும்மா சொல்லக் கூடாது, அந்த மூக்கு அப்படிப்பட்டது. கோதண்டபாணி மூட்டையைப் பிரிக்கும்போது வாசலில் நின்றபடியே, இது கப்பலில் கடல்தண்ணீர் பட்ட இலை, இது போன வருஷத்து இலை என்று சொல்லிவிடுவார். தைலத்தைப் பற்றி வாடிக்கைக்காரர்களிடம் ஒரு பாட்டு மாதிரி சொல்வார்: "மொதல்ல கற்பூரம் வரும். அப்புறம் கிராம்பு வரும். விட்டுட்டுக் கொஞ்சம் நில்லுங்க, கடைசியா மழை பேஞ்ச தோப்பு வரும்." மோந்து பார்த்தால் அந்த வரிசையில்தான் வரும்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஊரெல்லாம் ஃப்ளூ ஜுரம் வந்ததே, அது பாட்சாவையும் படுக்க வைத்தது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கத் தொடங்கிய ஒரு காலை. அடுப்பில் கருவாட்டைப் போட்டுவிட்டு ஹலீமா பீவி தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது வீடு முழுக்கத் தீய்ந்த நாற்றம். அடுப்புக்குப் பக்கத்தில் பாட்சா நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அவள் சட்டியை இறக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கும் அப்போதுதான் புரிந்தது. ஓடிப்போய் ஒரு புட்டியைத் திறந்தார், இன்னொன்றைத் திறந்தார், வாலைக்குள்ளேயே தலையை விட்டுப் பார்த்தார். கற்பூரம் இல்லை, கிராம்பு இல்லை, தோப்பும் இல்லை. வெறும் காற்றுத்தான் உள்ளே போய் வந்தது.

மூக்கு போன தைலக்காரனை யார் நம்புவார்கள்? பிழைப்புப் போய்விடுமே என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், தான் யார் என்பதே போய்விடுமே என்பது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று மனைவியிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் செய்ததை நினைத்தால் இப்போதும் பிரமிப்பாக இருக்கிறது. மூக்கில்லாமல் தைலத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டார். புட்டியை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்தால், காற்றுக்குமிழ் தாயில் விறுவிறுவென்று ஓடும், பிள்ளையில் நின்று நிதானித்துப் போகும். பொட்டலக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால், தாய் கொஞ்ச நேரத்தில் இருந்த இடம் தெரியாமல் பறந்துவிடும். பிள்ளை எண்ணெய்க் கறையாகத் தங்கிவிடும். மேல் உதட்டில் தொட்டு வைத்தால் தாய் முதலில் குளிரும், பிறகு சுடும். காலையில் ஹலீமா பீவி தன் மூக்கால் ஒருதரம் சரிபார்த்து, வலப்பக்கக் குழிகளில் தாய், இடப்பக்கம் பிள்ளை என்று அடுக்கி அனுப்புவாள். கழுத்தில் நூல் கட்டித் தருகிறேன், தாய்க்குச் சிவப்பு, பிள்ளைக்கு வெள்ளை என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். "நூலப் பாத்தா ஊரு கேக்காதா, மூக்கு எங்கடான்னு?" என்று மறுத்துவிட்டார். பஸ் ஸ்டாண்டில் தக்கையை எடுத்து, கண்ணை மூடி, பழைய மாதிரியே மோந்து காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மார்கழியில் ஒருநாள் காலை, கோலியனூர்க்காரப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். தையல்நாயகி என்று பெயர். அம்மா வீட்டிலிருந்து புருஷன் வீட்டுக்குத் திரும்புகிறாள். குழந்தைக்கு நெஞ்சில் சளி கர்கர்ரென்று இழுத்தது. கோலியனூர் வாய்க்காலோரம் நிலமும் வீடும், பக்கத்தில் வைத்தியர் யாருமில்லை என்று மூச்சு விடாமல் சொன்னாள். பஸ் உறுமிக்கொண்டிருந்தது, கண்டக்டர் அதட்டினார். பாட்சா ஒரு புட்டியை எடுத்தார். சாய்த்துக் குமிழ் பார்க்க அவகாசமில்லை. ஆனால் மோந்து காட்ட அவகாசம் இருந்தது. கண்ணை மூடி மோந்தார், அவள் கையில் வைத்தார், உள்ளங்காலில் தடவச் சொன்னார். பஸ் போய்விட்டது.

அடுத்து வந்தவர் மல்லாட்டை மண்டி நடராசன். தோளுக்குத் தாய் கேட்டார். பாட்சா மோந்து கொடுத்தார். நடராசன் அங்கேயே உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னா பாய், சரக்கு சோந்து போய்க் கெடக்குது? வெறும் எண்ணெ மாதிரி வழுவழுன்னு இருக்குது."

பாட்சா புட்டியைப் பிடுங்கிக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டார். ஊதினார், வெயிலில் காட்டினார், காத்திருந்தார். கறை போகவில்லை. தாய் என்று நினைத்து எடுத்தது பிள்ளை. குமிழ் பார்த்துத் திருப்பி வைத்தபோது இரண்டும் குழி மாறியிருக்கிறது, அப்படியானால் கோலியனூருக்குப் போவது தாய். சைகோன் குழந்தையின் விட்டு விட்டு வந்த மூச்சு அவர் காதில் கேட்டது. பெட்டியை நடராசனிடம் தள்ளிவிட்டு, புறப்பட்டுக்கொண்டிருந்த அடுத்த பஸ்ஸில் தொற்றினார்.

அந்தப் பயணத்தில் அவர் உட்காரவேயில்லை. கூட்டேரிப்பட்டில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். சூடு ஆறாத டீயை அந்த மனிதர் ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி பாட்சா தொழுகையில் சொல்கிறதையெல்லாம் சொன்னார். விழுப்புரத்தில் இறங்கி ஜட்காவில் ஏறி, "ஜல்தி, ஜல்தி" என்று குதிரையையும் வண்டிக்காரனையும் சேர்த்து விரட்டினார். கோலியனூர் வாய்க்காலில் மாடு கழுவிக்கொண்டிருந்தவர்கள் வழிகாட்ட, தொப்பி எங்கோ விழுந்துவிட, ஓடினார்.

பூவரச மரத்தில் தூளி தொங்கியது. குழந்தை உள்ளே இருமியது. இருமல் சத்தம் அவ்வளவு இனிமையாக அவருக்கு வேறெப்போதும் கேட்டதில்லை. மரத்தடியில் தையல்நாயகி இடது முன்கையை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை செக்கச்செவேலென்று தடித்திருந்தது. மாமியார் கெங்கம்மாள் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பால் குடிக்கிற பிள்ளைக்கு எந்த மருந்தானாலும் முதலில் தாய் உடம்பில் போட்டுப் பார்ப்பது அந்த வீட்டு வழக்கம். உள்ளங்கை அளவு தாராளமாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அந்த வழக்கத்தை ஏற்படுத்திய புண்ணியவதி யாரோ, அவளுக்குக் கோயில் கட்டலாம்.

தண்ணீர் ஊற்றினால் போகாது, தைலம் எண்ணெயோடுதான் போகும் என்று பாட்சா கதறினார். கெங்கம்மாள் மல்லாட்டை எண்ணெயைக் கொண்டுவந்து மருமகள் கையில் ஊற்றித் துணியால் துடைத்தாள். மறுபடி ஊற்றினாள், துடைத்தாள். எரிச்சல் இறங்க இறங்க, தையல்நாயகி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மோந்து பாத்துட்டுத்தான குடுத்தீங்க?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவசரத்தில் கை மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அவள் கையைப் பார்த்தார்.

"எனக்கு மூக்கு செத்துப் போச்சு தாயி. ஜொரம் வந்ததுலேர்ந்து ஒண்ணுந் தெரியல. உங்கிட்ட மோந்து காட்டினது வெறும் வேஷம்."

கெங்கம்மாள் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். ஏழு தலைமுறைக்கும் போதுமான ஏச்சு. வாய்க்காலில் இருந்தவர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். பாட்சா தலை குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். தூளிக்குள் குழந்தை மறுபடி இருமி, மூச்சை இழுத்தது. தையல்நாயகி மாமியாரைக் கையமர்த்தினாள்.

"நீங்களே கலந்து குடுங்க பாய். நான் மோந்து சொல்றேன்."

கை வெந்துபோனவள் சொன்ன வார்த்தை அது. எங்கிருந்து வருகிறது இப்படி ஒரு மனசு? பாட்சாவுக்குக் கண் மறைத்தது. தேங்காய்ச் சிரட்டையில் எண்ணெய் வார்த்து, ஒரு சொட்டு விட்டுக் கலக்கி நீட்டினார். அவள் மோந்து, பத்தவில்லை என்றாள். இன்னொரு சொட்டு. அப்போதுதான் அவர் முதன்முதலாக அந்தக் காட்சியைப் பார்த்தார். அவள் புருவம் மேலே ஏறியது. கண் தானாக மூடியது. தோள் தளர்ந்து மூச்சு ஆழமாக இறங்கியது. கற்பூரம், கிராம்பு, தோப்பு என்று தன் மூக்கைவிட்டுப் போன அத்தனையும் இன்னொருத்தர் முகத்தில் வரிசையாக நடந்து போவதை அவர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப செரியா இருக்குது" என்றாள். வலது கையில் போட்டுப் பார்த்து, பொறுத்திருந்து, ஒன்றும் ஆகவில்லை என்று கண்ட பிறகு குழந்தையின் உள்ளங்காலில் தேய்த்தாள். வெயில் சாயும்போது இழுப்பு அடங்கிப் பிள்ளை தூங்கியது. அதற்குப் பிறகுதான் பாட்சா ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் வந்தவர் போனவரிடமெல்லாம் அவரே சொன்னார்: மூக்கு போய்விட்டது, வாங்குகிறவர்கள் தாங்களே மோந்து பார்த்து வாங்க வேண்டும். பாதிப் பேர் ஒதுங்கினார்கள். வீட்டில் இரண்டு ஜீவன்கள் சாப்பிடுவதே பேஜாராகப் போன மாதங்கள் உண்டு. ஹலீமா பீவி நூல்கண்டை எடுத்துவைத்து, தாய்க்குச் சிவப்பும் பிள்ளைக்கு வெள்ளையுமாகக் கட்டி முடித்தாள். மெல்ல மெல்ல ஆட்கள் திரும்பினார்கள். தன் குறையைத் தானே சொல்கிறவனிடம் கலப்படம் இருக்காது என்று முதலில் திரும்பியவர் நடராசன்தான்.

அன்றிலிருந்து பாட்சா ஒரு புட்டியையும் தன் மூக்குக்குக் கொண்டுபோனதில்லை. வந்தவர்களின் மூக்கைக் கேட்கிறார், முகத்தைப் படிக்கிறார், வாசனை என்னவென்று சொல்லச் சொல்கிறார். எஞ்சினில் கரி தள்ளுகிற ஒருவர், டூட்டி முடிந்து தலைக்குக் குளித்த மாதிரி இருக்கிறது என்றாராம். புதிதாகக் கட்டிய வீட்டு மரக்கதவு என்றாள் ஒரு மணப்பெண். நடராசனுக்கு அது வலி போகிற வாசனை. ராத்திரி சோற்றுக்கு உட்காரும்போது பாட்சா இவற்றையெல்லாம் ஹலீமா பீவியிடம் ஒப்பிப்பார். "மூக்கு இருந்தப்ப நான் மூணு வாசனதான் கண்டேன் அலிமா. ஊருல இருக்கறவங்க மோந்தா முடிவே இல்லாம வந்துக்கினு இருக்குது" என்று அதிசயப்படுவார்.

தையல்நாயகி வருஷா வருஷம் மல்லாட்டை அறுவடை முடிந்து அம்மா வீட்டுக்கு வரும் வழியில், ஒரு சிறு மூட்டையோடு பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறாள். இந்த வருஷம் கூடவே மகளும் நடந்து வந்தாள். தூளியில் இருமியவள்தான், அஞ்சம்மாள், பள்ளிக்கூடம் போகிறாள், முன்பல் இரண்டு விழுந்திருக்கிறது. அம்மாவின் இடது முன்கையில் அந்தக் கறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. சளி வந்த ராத்திரிகளிலெல்லாம் அந்தக் கைதான் அவளுக்கு உள்ளங்கால் தேய்த்துவிட்டிருக்கிறது. மூட்டையை வாங்கி வைத்துவிட்டு பாட்சா வெள்ளை நூல் புட்டியை எடுத்தார், தக்கையைத் திருகினார், பெண்ணின் பக்கம் குனிந்தார்.

"மூக்கக் குடு கண்ணு."

புருவம் ஏறியது. கண் மூடியது. சின்னத் தோள் இரண்டும் தளர்ந்தன. பாட்சா தலையசைத்தார்.

"என்னா வாசனை வருது?"

அவள் யோசிக்கவேயில்லை.

"எங்க அம்மா கை."

புட்டியை மூடப்போன பாட்சாவின் கை அப்படியே நின்றது. கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு பாட்சா புட்டியை மெதுவாகத் தன் மூக்குக்குக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டார்.